அக்கா, உன் மகள் லீவில் விளையாடிய விளையாட்டு

எனக்கு முன்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட என் செல்வி அக்காவுக்கு,

நீ எங்கே இருந்தாலும் இதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள். எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியாததா? நான் வாயால் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி சுமதிதான் எழுதுகிறாள். என் பேச்சை எழுத்துக்குத் தக்கபடி அவள் திருத்திக்கொள்வாள். ஆனால் மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

முந்தாநாள் பகலில் நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன் அக்கா. அதிலிருந்து ஊசியைக் கையில் எடுக்கவில்லை. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தால் பிசைந்தபடியே இருக்கிறேன். நேராக அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் பார்க்கிறேன், வாய் வரமாட்டேன் என்கிறது. என் வழக்கப்படி தலையிலிருந்தே வருகிறேன். பொறுத்துக்கொள்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவள் நாலாம் நாள் இல்லாமல் போனாய். அதற்குப் பிறகு உன் மகள் மித்ரா நம் வீட்டில்தான் இருக்கிறாள். மச்சான் லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகிவிடுகிறது, பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வார்? இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். நாலாம் வகுப்பு முடித்துவிட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். உன்னைப் போலவே தட்டில் கறிவேப்பிலையை வரிசையாக ஓரம் கட்டுகிறாள். ஆனால் ஒன்று. இந்த ஏழு மாதத்தில் அவள் ஒருநாள்கூட அழவில்லை. அம்மா என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை. யாராவது உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய் ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடித்துப் போடுவாள். பார்த்தவர்கள் எல்லாம், "பச்சப்புள்ள, மறந்துபோச்சு. அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்துச் சந்தோஷம்கூடப் பட்டேன்.

லீவு விட்ட அன்று மச்சான் லாரியில் ஏறப் போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, பள்ளிக்கோடம் இருந்தாப் புள்ளைக்குப் பொழுது போயிரும். இந்த ஒன்ற மாசத்த நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்குது. சும்மா உக்காந்தா அவ அம்மா நெனப்பு வந்துரும். எப்பிடியாச்சும் சிரிக்க வெச்சுப் பாத்துக்க."

"ஒரு நிமிசங்கூடச் சும்மா உக்கார உடமாட்டேன், போங்க மச்சான்" என்றேன். பெரிய வீரன் மாதிரி சொல்லிவிட்டேன். எதை வைத்துச் சிரிக்க வைப்பது? தார்ப்பாய் தைக்கிறவனுக்கு மழைக்கு முன்னால்தான் வேலை. கோடையில் ரோட்டோரத் தகரச் செட்டில் உட்கார்ந்து போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பள்ளிக்கூட வாசலில் யாரோ கொடுத்த நோட்டீசைக் கவின் எடுத்து வந்தான். காலில் சக்கரம் கட்டி ஓடுவதற்கு ஒரு வகுப்பு, நீச்சலுக்கு ஒன்று, சதுரங்கத்துக்கு ஒன்று. என் மகன் ஏழு வயசுக்காரன், அவனுக்கு எல்லாம் வேண்டும். மித்ரா அந்தத் தாளை வாங்கிப் படித்துப் பார்த்து நாலாக மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"எனக்கு வேண்டாங்க மாமா. சக்கரங் கட்டுனாக் கால் வலிக்குமுங்க."

அவள் எந்தக் காலத்தில் சக்கரம் கட்டினாள்? என் கைக்காசின் நிலைமை ஒன்பது வயசுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ரோசத்தில்தான் அக்கா நான் கிளம்பினேன்.

முதலில் லாரி டியூப். பஞ்சர் கடைக்காரரிடம் ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட பின்சக்கர டியூப் ஒன்று கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக் காற்றடித்து, பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டுத் தொட்டியில் போட்டேன். மோட்டார் ஓடுகிற நேரம் மட்டும் பிள்ளைகளுக்குக் குளியல். இடுப்பளவுத் தண்ணீர்தான், நானும் கரையிலேயே உட்கார்ந்திருப்பேன். கவின் ஒருநாள் டியூப்புக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரமாட்டாமல் அழுதான். தோட்டத்துக்காரம்மா வந்து, "வளையலக் கழட்டறமாரி சோப்பப் போட்டு உருவுங்க" என்றாள். அப்படியே சோப்புப் போட்டுத்தான் உருவினோம். மித்ரா அன்றைக்குச் சிரித்தாள் பார், கரைமேல் உருண்டு சிரித்தாள். எனக்கு மச்சான் முகம் ஞாபகம் வந்தது.

அப்புறம் முட்டை அட்டை. கோழிப்பண்ணையில் உடைந்த முட்டை ஒழுகிய அட்டைகளை ஒதுக்கிப் போட்டிருப்பார்கள். கேட்டால் எடுத்துக்கொண்டு போ என்பார்கள். சைக்கிளில் என் தலை உயரத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "என்னய்யா, வண்டி தானா வருதா, ஓட்டறதுக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டார். அட்டைகளைக் கழுவிக் காயவைத்து அடுக்கிப் பிள்ளைகள் மூன்று நாள் கோட்டை கட்டினார்கள். நாலாம் நாள் ஆடு புகுந்து கோட்டையைத் தின்றுவிட்டது. மீதி அட்டை இருந்தது.

மூன்றாவதுதான் கூடாரம். ஒரு லாரிக்காரர் இனி ஒட்டுப்போட முடியாது என்று விட்டுப்போன பழைய தார்ப்பாய் செட்டில் கிடந்தது. அதைப் புளியமரத்துக்கும் மின்கம்பத்துத் தாங்கு கம்பிக்கும் நடுவில் கட்டலாம் என்றேன். சுமதி, "ஏனுங்க, கரண்டுக் கம்பத்துல கொண்டுபோயிக் கட்டறீங்க, புத்தி இருக்குதுங்களா?" என்று கத்தினாள். பிறகு இரண்டு புளியமரத்துக்கு நடுவில் கட்டினேன். உள்ளே போய்ப் பார்த்தால், ஓட்டை வழியாக வெயில் இறங்கித் தரையெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். பட்டப்பகலில் நட்சத்திரம் மாதிரி. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை.

மித்ரா, கவின், பக்கத்து வீட்டு யாழினி. மூன்று பேரும் காலைச் சாப்பாடு முடிந்ததும் உள்ளே போனால் பொழுது உச்சிக்கு வரும்வரை சத்தமே இருக்காது. யாழினிக்கு ஐந்து வயசு. அவளுடைய அம்மா என்னிடம், "அண்ணா, என்ன மாயம் பண்ணுனீங்க? டிவியே கேக்க மாட்டீங்கறா" என்றாள். நான் செட்டுக்கு வந்த டிரைவர் அத்தனை பேரிடமும் பீற்றிக்கொண்டேன். போன் இல்லை, டிவி இல்லை, ஒரு பழைய தார்ப்பாய், பிள்ளைகள் சொர்க்கத்தில் இருக்கிறார்கள் என்று. சொர்க்கம் என்ற அந்தச் சொல்லைத்தான் அக்கா சொன்னேன். நாக்கில் சூடு போட வேண்டும்.

முந்தாநாள் கத்தரிக்கோலைக் காணோம். பிள்ளைகள்தான் எடுத்திருப்பார்கள் என்று கூடாரத்துக்குப் போனேன். கிட்டே போகையில் உள்ளே ஒப்பாரி கேட்டது. சின்னக் குரலில், இழுத்து இழுத்து. ஏதோ சீரியலைப் பார்த்துப் பண்ணுகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் போடாமல் ஒரு ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

முட்டை அட்டைகளை நீளமாக அடுக்கியிருந்தார்கள். அதன்மேல் யாழினி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நெற்றியில் மஞ்சளும் பெரிய குங்குமமும். சுற்றிலும் ஆவாரம்பூ. கால் கட்டைவிரல் இரண்டையும் என் தைக்கிற நூலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

நான் ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொணம் சிரிக்கக் கூடாது யாழினி" என்றாள் மித்ரா.

"மூக்குல பூ உழுந்துருச்சுக்கா, அரிக்குது."

"சொறிஞ்சுக்க. சொறிஞ்சுட்டுச் செத்துப்போயிரு."

அப்போது கவின் உள்ளே வந்தான். தோளில் என் துண்டு. என்னைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்த நடை, என்னைப் போலவே தொண்டைச் செருமல். கையில் பச்சைத் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை மடித்து ஏந்திக்கொண்டு, "எங்கக்காளுக்குப் பொறந்த ஊட்டுக் கோடி கொண்டாந்துட்டேன்" என்றான். அக்கா, உனக்கு நான் கடைசியாக எடுத்து வந்த கோடிச் சேலை பச்சை. என் மகன் நானாக நின்றுகொண்டிருந்தான். நான் என்னையே ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடியைப் போர்த்தினார்கள். பிறகு கவின், "எல்லாரும் வாய்க்கரிசி போடுங்க" என்றான். மித்ரா எழுந்தாள். வலது கையை இறுக்கி மூடியிருந்தாள். இரண்டடி வைத்தாள். கவின் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். உடனே அவள் திருத்தினாள்.

"அப்பிடியில்ல கவினு. எத்தன நாளாச் சொல்றேன்? மொதல்ல துண்டுல மூஞ்சியத் தொடைக்கோணும். அப்பறந்தான் கையப் புடிக்கோணும். சிரிச்சுக்கிட்டே புடிக்கோணும்."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். சிரித்தான். கையைப் பிடித்தான். பிறகு சொன்னான்: "சாமி, நீ இங்க நிக்காத. மாமன் போன்ல பொம்மப்படம் போட்டுத் தாரேன், பக்கத்தூட்டுல உக்காந்து பாத்துட்டு வா. அம்மா தூங்கறா. நீ வாரதுக்குள்ள எந்திரிச்சுருவா."

ஒரு சொல்கூட மாறவில்லை. அது நான் சொன்னது. பனமரத்துப்பட்டியில் உன் வீட்டு வாசலில், உன்னைத் தூக்கப்போகும் நேரத்தில், நான் சொன்னது. நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தது எனக்கே மறந்துவிட்டது. அவள் வைத்திருக்கிறாள்.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை அக்கா. எடுக்கும் நேரத்தில் அலறல் வரும், பிள்ளை பயந்துகொள்வாள், இராத்தூக்கத்தில் உளறுவாள் என்றுதான் நினைத்தேன். வாய்க்கரிசி போடப் பெரியவர்கள் இருக்கிறார்கள், ஒரு குழந்தை போடாவிட்டால் என்ன என்று நினைத்தேன். பெற்ற மகள் போடாமல் உன்னை அனுப்பினேன். அதை ஏழு மாதமாக நான் ஒரு நல்ல காரியம் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

கூடாரத்துக்குள் மித்ரா மூடிய கையை விரித்தாள். உள்ளே ஜவ்வரிசி. அதைப் பாவாடையில் கொட்டிக்கொண்டு, "சரி, நாளைக்குப் போடறேன்" என்றாள். யாழினி எழுந்து உட்கார்ந்து, "நாளைக்கும் நாந்தான் பொணமா?" என்று கேட்டாள்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. உள்ளே புகுந்து கத்தினேன். "நல்ல ஊட்டுல இழவு வெளையாட்டா வெளையாடறீங்க? வெளங்குமா இந்த ஊடு?" தார்ப்பாயின் கயிற்றை அறுத்துவிட்டேன். பூவும் அட்டையும் ஜவ்வரிசியும் காலில் சிதறின. யாழினி வீறிட்டு ஓடினாள், கட்டைவிரல் கட்டோடு விழுந்து, நூலை உருவிவிட்டு எழுந்து ஓடினாள். கவின் துண்டைப் போட்டுவிட்டு ஆட்டுக் கொட்டகைக்குள் ஒளிந்தான். மித்ரா மட்டும் நின்றாள்.

"இத எங்க கத்துக்கிட்ட? சொல்லு!"

"உங்ககிட்டத்தானுங்க மாமா."

அதற்குமேல் அவள்தான் பேசினாள். சத்தமே இல்லாமல், கணக்கு ஒப்பிக்கிற மாதிரி.

"பொம்மப்படம் முடியற வரைக்கும் பாத்தேனுங்க. முடிஞ்சதும் ஓடியாந்தேனுங்க. அம்மா எந்திரிச்சுருக்கும்னு நெனச்சேன். அம்மாளையே காணமுங்க. கட்டிலக் கழுவி வெளிய போட்டிருந்தாங்க."

சொல்லிவிட்டுக் குனிந்து ஜவ்வரிசியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

நான் செட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் தாழ்ந்ததும் சுமதி டீ கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அது எனக்கு இரண்டாவது அடி.

"அன்னைக்கு அவ கையில அரிசி இருந்துச்சுங்க" என்றாள். "நீங்க பக்கத்தூட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாலயே கையில எடுத்துட்டா. படம் பாத்து முடிச்சு வந்தப்பவும் கைய மூடியேதான் வெச்சிருந்தா. நாந்தான் விரல ஒவ்வொண்ணா விரிச்சு வாங்குனேன். வேர்வையில அரிசி உள்ளங்கையோட ஒட்டிப்போயிருந்துச்சு."

"ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"நீங்களே ரெண்டு மாசம் அரை ஆளாட்டத் திரிஞ்சீங்க. சொன்னாத் தாங்குவீங்களா?"

அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இந்த வரியை எழுதும்போதும் அவள் மூக்கை உறிஞ்சுகிறாள். எழுது சுமதி, அதையும் எழுது.

நான் யோசித்துப் பார்த்தேன் அக்கா. டியூப்பும் கோட்டையும் கூடாரமும் நான் எதற்குக் கொண்டு வந்தேன்? அன்றைக்குப் போனைக் கொடுத்தேன், இந்த லீவுக்கு வகுப்பில் சேர்க்க வழியில்லாமல் தார்ப்பாயைக் கொடுத்தேன். இரண்டும் ஒரே காரியம்தானே? அவளைச் சும்மா உட்கார விடக் கூடாது, அவ்வளவுதான். அவளுக்கு உன்னை நினைக்க ஒரு இடம் வேண்டியிருந்திருக்கிறது. நான் மறைப்பதற்குக் கட்டிய இடத்திலேயே உட்கார்ந்து நினைத்திருக்கிறாள்.

நேற்றுக் காலையில் அறுத்த கயிற்றை முடிந்து தார்ப்பாயைத் திரும்பக் கட்டினேன். பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். நான் யாழினியின் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொல்லி, உன் பிள்ளையைக் கொஞ்சம் அனுப்பு என்று கேட்டேன். அவள் "படுக்கறதுதானுங்கண்ணா, படுத்துட்டுப் போறா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பினாள். நல்ல மனசுக்காரி. வேறு யாராக இருந்தாலும் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

"இன்னைக்கு மாமனா நானே நிக்கறேன்" என்றேன்.

கவினுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா, நாந்தான் நீங்க! தெனமும் நாந்தான் நீங்க!"

"நீ வேற எதாச்சும் இருடா."

கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "அப்ப நான் ஐஸ் பொட்டிக்காரன்" என்று சொல்லி அட்டைக்குப் பக்கத்தில் பிணத்தைக் குளிர வைக்கிற பெட்டியின் மோட்டார் மாதிரி உர்ரென்று சத்தம் போட்டபடி உட்கார்ந்துகொண்டான்.

பச்சைத் துண்டை என் கையில் கொடுத்தார்கள். நான் அதைப் போர்த்தினேன். யாழினி ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். வாய்க்கரிசிக்கு நேரம் வந்தது. மித்ரா கையை மூடிக்கொண்டு எழுந்தாள். இரண்டடி வைத்தாள். நின்றாள். தானாகவே மணிக்கட்டை என் பக்கம் நீட்டினாள். நான் பிடிப்பதற்காக நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"புடிங்க மாமா. நீங்க புடிச்சாத்தான் ஆட்டம்."

"புடிக்க மாட்டேன் சாமி. நீ போ. போயி அம்மாளுக்குப் போடு."

"அம்மா தூங்கறதா நீங்க சொல்லோணும்."

"தூங்கல சாமி. அம்மா செத்துப்போச்சு. அன்னைக்கே செத்துப்போச்சு. மாமன் உங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

கவின் மோட்டாரை நிறுத்திவிட்டான். மித்ரா என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. நான் சொல்கிறேனா என்றுதான் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. மெதுவாகத் திரும்பி அட்டைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். மூன்று தரம் போட்டாள். மூன்றாம் தரம் கையைத் தட்டிச் சுத்தமாக உதறினாள். யாழினி எழுந்து, "தூ, இனிப்பே இல்ல" என்று துப்பினாள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னைத் தூக்கிய அன்றுகூட அப்படி அழவில்லை. ஆம்பிளை அழுகிற சத்தம் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். மித்ராதான் கிட்டே வந்து, துண்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"மாமா, அழுவாதீங்க. இது வெளையாட்டுத்தானுங்க."

அவள் அப்போதும் அழவில்லை. சாயங்காலம் சுமதி தலை பின்னும்போது, "அத்த, எங்கம்மா எனக்கு ரெட்டச் சடை போடும், இப்பிடி இறுக்காது" என்றாளாம். சுமதி சீப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். யாரும் கேட்காமல், விளையாட்டிலும் இல்லாமல், ஏழு மாதத்தில் இதுதான் முதல் தடவை. அம்மா என்று சொல்லிவிட்டாள் அக்கா. அதற்குப் பிறகு இராச் சோறு சாப்பிடும்போது என்னைக் கேட்டாள்.

"மாமா, அம்மாள வெச்சிருக்கற நெசமான எடம் எங்கீங்க இருக்குது?"

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், வேலமரத்துக்குக் கீழே என்று சொன்னேன். போகலாமா என்றாள். பொம்பளைப் பிள்ளைகள் அங்கே போகிற வழக்கம் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் எங்கோ ஓட்டலில் நின்று பேசினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கூட்டிட்டுப் போ மாப்ள. அன்னைக்கு நானும் புள்ள பக்கத்துல இருந்திருக்கோணும்" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருவோம் அக்கா. ஊரில் யார் என்ன கேட்டாலும் தாய்மாமன் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அவள் எவ்வளவு நேரம் உன்னிடம் உட்கார வேண்டும் என்கிறாளோ அவ்வளவு நேரம் உட்காரட்டும். நான் நடுவில் கதை சொல்ல மாட்டேன், கிளம்பு என்று சொல்ல மாட்டேன், சிரிக்க வைக்க மாட்டேன். அவள் என்ன கேட்டாலும் இனி உள்ளதைத்தான் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் மகளுக்குப் பொய் சொன்னவனும்,
உன்னோடு கூடப் பிறந்தவனுமான
உன் தம்பி முருகேசன்